ஊடகக் கோட்பாடு: ஒரு பருவப் பாடம் நடத்துமாறு

பவணந்தி முனிவர் தம் நன்னூலை எழுத்திலக்கணத்தோடு தொடங்கினாரல்லர். நூலின் முகப்பிலே பொதுப்பாயிரம் என ஒன்றமைத்து, ஆசிரியன் இயல்பு, பாடஞ் சொல்லும் முறை, மாணாக்கன் இயல்பு, பாடங் கேட்கும் முறை என்பவற்றை வகுத்துரைத்த பின்னரே எழுத்துக்கு வந்தார். அப்பகுதியிலே ஒரு கணக்கும் உண்டு. ஆசிரியன் சொன்னதை எத்துணைச் செம்மையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது காற்கூறு. உடன்பயில்வோரோடு பழகுவதால் வருவது மற்றொரு காற்கூறு. எஞ்சிய அரைக்கூறு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே கைகூடும் என்பது அக்கணக்கு. இஃது எல்லாருக்கும் மனப்பாடம். ஆயினும் பெரும்பாலான வகுப்பறைகளில் நாற்கூறும் ஆசிரியன் வாயிலிருந்தே வருகின்றன. பவணந்தியார் கணக்கைக் கைவிட்டால் முற்றாகவே பாழ்பட்டுப்போகும் பாடம் ஒன்று உளது. அதனைப் பற்றி ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

அதுவே ஊடகக் கோட்பாடு என்னும் பாடம். உயர்தர வகுப்பிலே தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்னும் பாடத்தைப் பயின்று பல்கலைக்கழகம் புகும் நம் மாணாக்கர், அங்கே இதனைப் பதினைந்து வாரம் கொண்ட ஓர் அரையாண்டுப் பருவத்துக்குரிய தனிப்பாடமாகச் சந்திக்கின்றனர். செய்தித்தாளில் வந்த செய்தி மெய்யோ பொய்யோ என்று ஆராய்வது வேறொரு கலை. செய்தியைத் தாங்கி வரும் பொருள், அஃதாவது ஓலையோ கடதாசியோ வானலையோ திரையோ, தன் இயல்பினால் மனிதர் எண்ணத்தையும் நினைவையும் கூட்டுவாழ்வையும் எவ்வாறு உருவாக்குகின்றது என்று வினவுவதே ஊடகக் கோட்பாட்டின் வேலை. கடிதத்தைப் படிப்பவன் அக்கடிதம் எழுதப்பட்ட தாளைப் பார்ப்பதில்லை. பார்க்காத அந்தத் தாளைப் பார்க்கச் செய்வதற்கே இப்பாடம் ஏற்பட்டது.

ஆனால் நிகழ்வதென்ன? பெயர்களும் வரைவிலக்கணங்களும் கரும்பலகையில் எழுதப்படுகின்றன. ஹரல்ட் லாஸ்வெல் 1948இற் கூறிய ஐந்து வினாக்கள், குளோட் ஷனன் அதே ஆண்டில் வரைந்த தொடர்பாடற் படம், மார்ஷல் மக்லூகனின் ‘ஊடகமே செய்தி’ என்னும் சூத்திரம் ஆகியன குறிப்புப் புத்தகத்தில் ஏறிப் பரீட்சைத் தாளில் இறங்கிவிடுகின்றன. ஊடகமே செய்தி என்று இருபது வரியில் விளக்கும் மாணாக்கன், தான் அவ்விளக்கத்தைக் கைத்தொலைபேசித் திரையில் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தமையால் தன் படிப்பு எவ்வாறு மாறிற்று என்று ஒருகாலும் எண்ணிப் பார்த்திரான். கண்ணுக்கு மிக அண்மையில் உள்ள இமை கண்ணுக்குத் தெரியாது. இமையைப் பற்றிய சூத்திரத்தை மனனம் செய்தவன் இமையைக் கண்டவனாகான்.

இப்பாடத்துக்கு ஒரு பிறந்தகம் உண்டு. இக்கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று குடியிருக்கும் ரொறன்ரோ நகரமே அது. அந்நகரப் பல்கலைக்கழகத்திலே அரசியற் பொருளியல் கற்பித்தவர் ஹரல்ட் இன்னிஸ். மென்மயிர்த் தோல் வாணிகத்தின் வரலாற்றை எழுதுவதற்காக 1924இல் மக்கென்சி ஆற்றிலே படகேறிச் சென்ற ஆய்வாளர் அவர். தோல் வாணிகத்திலிருந்து மீன் பிடிக்கும், அதன்பின் மரக்கூழுக்கும் கடதாசிக்கும் அவர் ஆய்வு நகர்ந்தது. கனடாவின் காடுகள் கடதாசியாகி, அமெரிக்கச் செய்தித்தாள்களாகி மீள்வதைக் கண்ட பொருளியலாளருக்கு, இக்கடதாசியின்மேல் எழுப்பப்படும் அரசும் அறிவும் எத்தகையன என்னும் கேள்வி எழுந்தது இயல்பே. 1948இல் ஒக்ஸ்போர்ட்டில் நிகழ்த்திய விரிவுரைகளை ‘பேரரசும் தொடர்பாடலும்’ என 1950இல் நூலாக்கினார். அடுத்த ஆண்டு ‘தொடர்பாடலின் சார்பு’ வெளிவந்தது. 1952இல் இன்னிஸ் மறைந்தார்.

அதே பல்கலைக்கழகத்தின் புனித மைக்கல் கல்லூரியில் 1946 முதல் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர் மக்லூகன். கேம்பிரிட்ஜிலே செய்யுளாராய்ச்சி பயின்றவர். முதன்முதல் விஸ்கொன்சினில் வகுப்பெடுக்கச் சென்றபோது, தம்முன் இருந்த இளைஞரைத் தம்மால் விளங்கிக்கொள்ள இயலவில்லை என்று கண்டு, அவர்கள் பார்த்த விளம்பரங்களையும் படக்கதைகளையும் படிக்கத் தொடங்கினார் என்பது அவரே கூறிய செய்தி. மாணாக்கனை விளங்கிக்கொள்ள விரும்பிய ஓர் ஆசிரியனின் முயற்சியே இத்துறையின் வித்துகளுள் ஒன்று என்பதனை எல்லாரும் குறித்துக்கொள்ளுதல் நன்று. விளம்பரங்களைச் செய்யுள் போல ஆராய்ந்த அவரது முதல் நூல் 1951இல் வந்தது. அந்நூலை இன்னிஸ் தம் மாணாக்கருக்குரிய வாசிப்புப் பட்டியலிற் சேர்த்திருக்கின்றார் என்று கேள்வியுற்ற பின்னரே மக்லூகன் இன்னிஸின் நூல்களைத் தேடிப் படித்தார். 1953இல் போர்ட் அறநிதியத்தின் உதவியுடன் ஒரு கருத்தரங்கு தொடங்கிற்று. மானிடவியலாளர் எட்மண்ட் கார்பெண்டர், பொருளியலாளர் டொம் ஈஸ்டர்புறூக், உளவியலாளர் கார்ல்ட்டன் வில்லியம்ஸ், நகரமைப்பறிந்த ஜாக்குலின் டிர்விட் ஆகியோர் மக்லூகனுடன் ஒரு மேசையைச் சுற்றி இருந்தனர். ஐவருக்கும் துறை வேறு. ஆதலின் ஒருவர் சொல்வதை மற்றவர் இலகுவில் ஏற்கவில்லை. அந்த உடன்பாடின்மையே அக்கருத்தரங்கின் உயிர் எனலாம். அவர்கள் வெளியிட்ட ‘எக்ஸ்புளொறேஷன்ஸ்’ என்னும் இதழ் 1953 முதல் 1959 வரை ஒன்பது முறை வந்தது. இனிக் கூறப்போவது, அவர்கள் செய்தவற்றிலிருந்து ஒரு பருவப் பாடத்தை அமைக்கும் வழி.

முதல் மூன்று வாரமும் கோட்பாட்டு நூல் எதனையும் திறத்தலாகாது. 1977இல் மக்லூகன், தம் மைந்தர் எரிக் மக்லூகனோடும் கத்றின் ஹச்சன் என்னும் ஆசிரியையோடும் சேர்ந்து, பள்ளி மாணாக்கருக்காக ‘நகரமே வகுப்பறை’ என்னும் நூலை எழுதினார். மாணாக்கரை வெளியே அனுப்பிப் பார்க்கச் செய்யும் பயிற்சிகள் நிறைந்தது அது. அம்முறையைப் பின்பற்றுக. ஒரு நாள் முழுதும் தான் கையிலெடுத்த ஊடகம் எது, எவ்வளவு நேரம், அப்போது உடல் இருந்த நிலை யாது, அருகில் இருந்தவர் யார் என்று மட்டும் எழுதிவரச் சொல்க. படித்ததும் கேட்டதும் என்ன என்று எழுதவேண்டா. இது மாணாக்கருக்கு முதலில் மிகக் கடினமாயிருக்கும். செய்தியை விட்டுப் பாத்திரத்தைப் பார் என்றால் கண் செய்திக்கே ஓடும். இரண்டாம் வாரத்திலே மக்லூகன் கையாண்ட மின்னொளி உதாரணத்தைக் கொடுக்கலாம். மின்குமிழின் ஒளியிலே எச்செய்தியும் இல்லை. எனினும் இரவில் வேலை, இரவில் விளையாட்டு, இரவில் படிப்பு ஆகிய அனைத்தும் அதனால் வந்தன. செய்தியே இல்லாத ஓர் ஊடகம் ஊரை மாற்றிற்று. மின்சாரம் வருமுன் தன் வீட்டில் மாலை ஏழு மணிக்குப்பின் என்ன நடந்தது என்று பாட்டனிடமோ பாட்டியிடமோ கேட்டு வரும்படி பணித்தால், வடபகுதி மாணாக்கர் வெறுங்கையோடு திரும்பார். போர்க்காலத்தில் மின்சாரமின்றி வாழ்ந்த ஆண்டுகளைப் பெற்றோரும் சொல்வர். மிதிவண்டியின் சில்லைச் சுழற்றி, அதன் டைனமோவினால் வானொலி கேட்டதையும் சொல்வர்.

நான்காம் வாரத்தில் இன்னிஸைத் தொடங்குக. அவர் கூறிய அடிப்படை எளியது. கல், சுடுமண், தோல் போன்ற கனத்த, நீடித்த பொருளில் எழுதும் சமுதாயம் காலத்தைக் கடக்க முற்படும். சமயமும் மரபும் அங்கே வலுப்பெறும். நாணற்றாள், கடதாசி போன்ற இலேசான பொருளில் எழுதும் சமுதாயம் தூரத்தைக் கடக்க முற்படும். ஆணையும் படையும் வாணிகமும் அங்கே பெருகும். எகிப்து, பாபிலோன், கிரேக்கம், உரோம் என ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு அவர் இதனை நிறுவ முயன்றார். பேச்சும் எழுத்தும் சமநிலையில் நின்ற கிரேக்கத்தையே அவர் பெரிதும் மதித்தார். அவர் நடை கரடுமுரடானது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே ஐந்நூறு ஆண்டு கடந்துவிடும். ஆதலின் முழுநூலையும் கொடாது, எகிப்து பற்றிய இயல் ஒன்றையே கொடுத்து இரு வாரம் அதிலே நிற்பது போதும்.

அவ்விரு வாரத்திலும் தமிழ் மாணாக்கர் கையில் ஓர் ஓலைச்சுவடியைக் கொடுத்துப் பார்க்கவேண்டும். இன்னிஸின் வகுப்புமுறைக்கு ஓலை எளிதில் அடங்காது. பனையோலை இலேசானது, மடியிற் கட்டிச் செல்லலாம். அவ்வகையில் அது தூரத்துக்குரியது. ஆயினும் அதன்மேல் ஏறியவை பெரும்பாலும் இலக்கணமும் இலக்கியமும் மருத்துவமும் சோதிடமும் தோத்திரமுமாகிய, காலத்தைக் கடக்க வேண்டியவையே. ஓலையோ நம் வெப்பத்திலும் ஈரத்திலும் கறையானிலும் நெடுங்காலம் நில்லாது. அப்படியாயின் தொல்காப்பியம் எவ்வாறு வந்தது? பொருள் நீடித்தமையால் வரவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் இருந்து பெயர்த்தெழுதியமையால் வந்தது. எழுதியவருக்கு அது மனப்பாடமுமாகியது. ஆகவே காலத்தை வென்றது ஓலையின் தன்மையா, பெயர்த்தெழுதும் வழக்கமா, நினைவா என்னும் வினா எழுகின்றது. இன்னிஸை மறுப்பதற்கும் திருத்துவதற்கும் நம் மாணாக்கருக்குக் கிடைத்த நல்ல வாயில் இது.

எழுத்துருவத்திலும் ஓலையின் கைவண்ணம் உண்டு. எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும். ஆதலின் ஏடெழுதுவோர் மெய்யெழுத்தின் புள்ளியை விட்டனர். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு ஏட்டில் தோன்றாது. செய்யுளும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடும். அதனைப் படிக்க வல்லவன் ஏற்கெனவே மொழியறிந்தவனாயிருத்தல் வேண்டும்; ஏட்டிலுள்ளது அரைப்பங்கு, படிப்பவன் நெஞ்சிலுள்ளது அரைப்பங்கு. 1849இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவிய ஆறுமுக நாவலர், சொற்களைப் பிரித்தும் நிறுத்தக்குறி இட்டும் பாலபாடங்களை அச்சிட்டபோது, அந்த இரண்டாவது அரைப்பங்கும் தாளுக்கு வந்துவிட்டது. சிறுவனும் தனியே இருந்து படிக்கலாயினான். ஓலைச்சுவடியின் ஒரு பக்கத்தையும் நாவலர் பதிப்பின் ஒரு பக்கத்தையும் அருகருகே வைத்து, ஒரு மணி நேரம் மாணாக்கரைப் பேசவிட்டால், இருபது விரிவுரையால் விளங்காதது விளங்கும்.

ஆறாம் ஏழாம் வாரங்கள் வாய்மொழிக்குரியன. பிளேட்டோவின் ‘பீட்ரஸ்’ என்னும் உரையாடலிலே, எழுத்தைக் கண்டுபிடித்த எகிப்தியத் தெய்வத்தை ஓர் அரசன் கண்டிக்கின்றான். எழுத்து நினைவை வளர்க்காது, மறதியையே வளர்க்கும் என்கின்றான். இக்கதையைச் சொன்ன சோக்கிரதர் ஒன்றும் எழுதிவைக்கவில்லை, எழுதிவைத்தவர் பிளேட்டோ. எழுத்தைப் பழித்த பழிப்பு எழுத்தினாலேயே நமக்கு எட்டியதென்னும் வேடிக்கையை மாணாக்கர் தாமே கண்டு சொல்லட்டும். ஏட்டுச் சுரைக்காயைப் பழித்த நம் முன்னோரும் இவ்வரசன் பக்கத்தவரே. அதன்பின், யூகோஸ்லாவியப் பாடகரை 1933 முதல் 1935 வரை ஆராய்ந்து, ஹோமரின் காவியங்கள் வாய்மொழிப் பாடல்களாய் அமைந்தன என்று காட்ட முயன்ற மில்மன் பரியும், அவர் மறைந்த பின் அப்பணியை 1960இல் நூலாக்கிய அல்பேட் லோர்டும் வருவர். பேராசிரியர் க. கைலாசபதி பேர்மிங்ஹாமில் ஆய்வு செய்து, 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளியான ‘தமிழ் வீரயுகப் பாடல்கள்’ பற்றிய ஆங்கில நூலில் இம்முறையைச் சங்கச் செய்யுளுக்குப் பொருத்தினார். ஒரே தொடர் பல பாட்டில் மீள வருதலைப் பாணர் மரபின் அடையாளமாக அவர் கொண்டார். பின்வந்த அறிஞர் சிலர், அவை பாணர் பாட்டைப் பின்பற்றிப் புலவர் எழுதியவை என்று மறுத்தனர். இரு பக்கத்தையும் எடுத்துப் புறநானூற்றுப் பாடல்கள் சிலவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாதிடுவதற்கு ஒரு வாரம் முழுதும் கொடுத்தாலும் தகும். மக்லூகனிடம் பயின்ற வால்ட்டர் ஓங் 1982இல் எழுதிய ‘வாய்மொழியும் எழுத்தறிவும்’ என்னும் நூலை வீட்டிற் படிக்கக் கொடுக்கலாம். இத்துறையில் தெளிவாக எழுதப்பட்ட நூல்கள் சிலவே, அவற்றுள் அஃது ஒன்று.

எட்டாம் வாரம் ஒரு சோதனை செய்யப்படல் வேண்டும். 1950களின் நடுவில் ரொறன்ரோக் கருத்தரங்கினர் செய்த சோதனை அது. எழுத்தறியா மக்களின் மொழியமைப்புப் பற்றிய ஒரே பாடத்தை நான்கு கூட்ட மாணாக்கருக்கு ஒரே வேளையில் வழங்கினர். ஒரு கூட்டம் நேரிலே விரிவுரையாகக் கேட்டது; ஒன்று வானொலியிற் கேட்டது; ஒன்று தொலைக்காட்சியிற் பார்த்தது; ஒன்று அச்சிற் படித்தது. கலந்துரையாடலோ கரும்பலகையோ இல்லை. அரைமணி நேரத்தின் பின் எல்லாருக்கும் ஒரே வினாத்தாள். தொலைக்காட்சிக் கூட்டமும் வானொலிக் கூட்டமும் மற்றைய இரண்டையும் விஞ்சின; அவ்விரண்டிலும் தொலைக்காட்சியே முந்திற்று. நடத்தியவர்களுக்கு இது வியப்பாயிற்று. பின்னர் வேறு மாணாக்கரைக் கொண்டு மீண்டும் செய்தனர். இம்முறை ஒவ்வோர் ஊடகமும் தன் முழு வலிமையையும் காட்ட விடப்பட்டது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாடம் நாடகமாக்கப்பட்டது. விரிவுரையாளர் கரும்பலகையையும் கலந்துரையாடலையும் பயன்படுத்தினார். அச்சுத்தாள் எழுத்தழகோடும் பக்க அமைப்போடும் வந்தது. மீண்டும் அவ்விரண்டுமே முன்னின்றன. ஆனால் இப்போது வானொலி தொலைக்காட்சியை முந்திவிட்டது. இவ்விவரம் மக்லூகனின் 1964ஆம் ஆண்டு நூலிலே உண்டு.

அக்காலத்தில் இதற்கு ஓர் ஒலிபரப்பு நிலையம் தேவைப்பட்டது. இன்று ஒரு கைத்தொலைபேசி போதும். மாணாக்கரைச் சீட்டுக் குலுக்கி நான்காகப் பிரித்து, ஆசிரியன் ஒரு கூட்டத்துக்கு நேரிற் பேசும்போதே ஒலியையும் படத்தையும் பதிவு செய்து, மற்றைய கூட்டங்களுக்கு அடுத்த அறைகளில் உடனே வழங்கலாம். பேசும் வாசகத்தை முன்னமே அச்சிட்டு வைத்திருக்க வேண்டும். ரொறன்ரோவிற் கிடைத்த முடிவே இங்கும் கிடைக்கவேண்டும் என்று எதிர்பார்த்தலாகாது. முப்பது பேர் கொண்ட வகுப்பிலே கிடைக்கும் எண்ணிக்கை ஒன்றையும் நிறுவாது. முடிவைப் பற்றி மாணாக்கர் தமக்குள் தொடுக்கும் சண்டையே இவ்வாரத்தின் பயன். வினாத்தாள் என்பதே கடதாசி அன்றோ, அது யாருக்குச் சார்பு? படித்த கூட்டம் திரும்பப் படிக்கலாம். கேட்ட கூட்டத்துக்கு அவ்வசதி இல்லை. இருந்தும் ரொறன்ரோவில் படித்தவர் ஏன் பின்தங்கினர்? புதுமையின் கவர்ச்சியா? அரைமணிக்குப் பின் நினைவில் நின்றது ஒரு மாதத்துக்குப் பின்னும் நிற்குமா? இக்கடைசி வினாவுக்கு விடை காண, நான்கு வாரம் கழித்து முன்னறிவிப்பின்றி அதே வினாத்தாளை மறுபடியும் கொடுக்கவேண்டும். மக்லூகன் நூலில் உள்ள விவரத்தில் என் மனத்துக்குக் குறையாகப் படுவது இம்மறுபரீட்சை பற்றிய பேச்சு இல்லாமையே.

ஒன்பதாம் வாரத்திலேதான் ‘ஊடகத்தை விளங்கிக்கொள்ளல்’ என்னும் மக்லூகனின் நூல் திறக்கப்படுகின்றது. இந்நூல் பிறந்த வரலாற்றை ஆசிரியராயுள்ளோர் அறிதல் வேண்டும். அமெரிக்கக் கல்வி ஒலிபரப்பாளர் சங்கம், புதிய ஊடகங்களைப் பள்ளிகளிற் கற்பித்தற்கு ஒரு வழி வகுத்துத் தருமாறு மக்லூகனைக் கேட்டது. 1960இல் அவர் கொடுத்த அறிக்கையிலே பதினோராம் வகுப்புக்குரிய பாடத்திட்டம் ஒன்று இருந்தது. அதுவே வளர்ந்து 1964இல் உலகப் புகழ்பெற்ற நூலாயிற்று. பாடத்திட்டம் எழுதுவது கீழான வேலை என எண்ணும் கல்விமான்களுக்கு இதனைச் சொல்லலாம். நூலில் 33 இயல்கள் உள. சாலை, உடை, வீடு, பணம், கடிகாரம் ஆகியனவும் அங்கே ஊடகங்களே. ஒரு மாணாக்கருக்கு ஓர் இயலாகப் பகிர்ந்துகொடுத்து, ஒவ்வொருவரும் பத்து நிமிடம் எழுந்து நின்று வகுப்புக்கு விளக்கவேண்டும். பவணந்தியார் கூறிய அரைக்கூறு இங்கே வருகின்றது.

அந்நூலிலே வெப்ப ஊடகம், தண்ணிய ஊடகம் என ஒரு பாகுபாடு உண்டு. நிறைந்த விவரத்தைத் தந்து, பெறுபவன் செய்தற்கு ஒன்றும் விடாதது வெப்பமானது. குறைவாகத் தந்து, மிகுதியை அவனே நிரப்ப விடுவது தண்ணியது. வானொலி வெப்பம், தொலைக்காட்சி தண்மை. விரிவுரை வெப்பம், கருத்தரங்கு தண்மை. மாணாக்கர் இதனை மிக விரும்புவர், பட்டியலாக எழுதலாமன்றோ! என் கருத்தில் இதற்கு ஒரு நாளுக்கு மேற் கொடுத்தல் வீண். அன்றைய தொலைக்காட்சிப் படம் மங்கலான புள்ளிகளாய் இருந்தமையால் அது தண்ணியதாயிற்று என்றார் அவர். இன்றைய படமோ கண்ணாடி போற் தெளிந்தது. அவர் அளவுகோலை வைத்தே அளந்தால் அது வெப்பமாகிவிடும். அப்போது அவர் தொலைக்காட்சிக்குக் கூறிய விளைவுகளெல்லாம் நீங்கிவிட்டனவா என்று கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

பதினோராம் வாரம் முதல் எதிர்க்கட்சியினர் பேசவேண்டும். இவ்வாரங்கள் இல்லாவிடின் பாடம் ஒருவரைப் போற்றும் பஜனையாகிவிடும். றேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் எழுதிய ‘தொலைக்காட்சி’ என்னும் நூல் இதற்கு மிகப் பொருத்தமானது. ஊடகம் தானாக வானத்திலிருந்து விழுவதில்லை. அதனை வேண்டியவர் உளர், அதற்குப் பொருள் கொடுத்தவர் உளர், இன்ன வகையிற் பயன்படுத்த வேண்டும் என்று முடிவு செய்தவர் உளர் என்பது அவர் வாதம். கம்பியில்லாத் தந்தி கப்பலுக்கும் கரைக்கும் இடையிலான கருவியாய்த் தொடங்கிற்று. ஓரிடத்திலிருந்து பேசிப் பலகோடி வீட்டில் தனித்தனியே கேட்கச் செய்யும் ஒலிபரப்பாக அதனை ஆக்கியவை அரசுகளும் வானொலிப் பெட்டி விற்ற நிறுவனங்களுமே. அக்கருவியின் உள்ளே அவ்விதி எழுதப்பட்டிருக்கவில்லை. ‘ஊடகமே செய்தி’ என்பதை முழுதும் நம்பியவன், பத்திரிகை யாருடையது, நிலையம் யாருடையது, யாருடைய மொழிக்கு எத்தனை மணிநேரம் என்று கேட்கவே மாட்டான். ஊடகத்தை உடையவர்களுக்கு இதைவிட வசதியான கோட்பாடு வேறில்லை.

இதற்கு நம் ஊரிலே ஒரு சான்று உண்டு. அதனை வகுப்பிலே கூறாதிருத்தல் இயலாது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன என்பது கணக்கு. அவற்றுள் ஓலைச்சுவடிகளும் இருந்தன. இன்னிஸின் ஏட்டிலே நீடித்ததும் நீடியாததும் வேறுவேறு நிரலில் நிற்கின்றன. அன்றிரவு இரண்டும் ஒரே சாம்பலாயின. ஒரு பொருள் எத்துணைக் காலம் நிற்கும் என்பதை அதன் தன்மை மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனைக் காப்பவன் யார், அழிக்கும் அதிகாரம் யார் கையில் என்பனவும் தீர்மானிக்கின்றன. இந்நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டு ஆசிரியன் மேற்கொண்டு பேசாது, இன்னிஸையும் வில்லியம்ஸையும் வைத்துக்கொண்டு மாணாக்கரே தொடரட்டும்.

பன்னிரண்டாம் பதின்மூன்றாம் வாரங்களுக்கு, யமேக்காவிற் பிறந்து பேர்மிங்ஹாமில் கற்பித்த ஸ்டுவர்ட் ஹோல் 1973இல் எழுதிய ஒரு கட்டுரை போதும். அனுப்புபவன் ஒரு பொருளை வைத்து அனுப்புகின்றான்; பெறுபவன் அதனை அவ்வாறே ஏற்கலாம், சிறிது ஏற்றுச் சிறிது மாற்றலாம், முற்றும் எதிர்த்துப் படிக்கலாம் என மூவகை கூறினார் அவர். ஒரே நாளின் ஒரே நிகழ்ச்சியை அறிவிக்கும் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளின் முதற்பக்கங்களைச் சுவரில் ஒட்டினால் இக்கட்டுரைக்கு வேறு உரை வேண்டா. சிங்களம் படிக்கத் தெரிந்த மாணாக்கர் வகுப்பில் இல்லையெனின், தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து வருவதும் பாடத்தின் பகுதியேயாகும்.

எஞ்சிய இரு வாரத்துக்கும் நான்கு கேள்விகள். மக்லூகன் மறைந்த பின், 1988இல் எரிக் மக்லூகன் முடித்து வெளியிட்ட ‘ஊடக விதிகள்’ என்னும் நூலில் உள்ளவை அவை. இப்புதுப்பொருள் எதனைப் பெருக்குகின்றது? எதனைப் பழசாக்குகின்றது? முன்பு மறைந்த எதனை மீட்கின்றது? எல்லை கடக்கும்போது என்னவாக மாறிவிடுகின்றது? தமிழ் அச்சுக்கு இவற்றைப் பொருத்திப் பார்க்கலாம். ஒரே வடிவான படிகளை அது பெருக்கிற்று. ஏடெழுதுவோனையும் மனனத்தையும் பழசாக்கிற்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பதிப்பிக்கப் புகுந்தபோது, பெயரளவில் மட்டும் அறியப்பட்ட பழந்தமிழ் நூல்களை மீட்டுத் தந்தது. எல்லை கடந்தபோது என்னவாயிற்று என்பதற்கு மாணாக்கர் கையிலுள்ள பரீட்சை வழிகாட்டிகளைச் சுட்டினால் சிரிப்பும் வரும், விடையும் வரும்.

வகுப்பின் அமைப்பைப் பற்றியும் ஒரு சொல். 1963இல் மக்லூகனுக்கென ஓர் ஆய்வு நிலையம் ஏற்பட்டு, 1968 முதல் அது பல்கலைக்கழக வளவிலே ஒரு பழைய வண்டிக் கொட்டகையில் இயங்கிற்று. திங்கள் இரவுகளில் யாரும் வந்தமரலாம். கருத்தரங்கைத் தண்ணிய ஊடகம் என்றவர் அங்கே பெரும்பாலும் தாமே பேசிக்கொண்டிருந்தார் என்பர். 1979இல் நோயுற்று அவர் பேச்சிழக்க, மறு ஆண்டு நிலையமும் மூடப்பட்டது; அவ்வாண்டின் இறுதி நாளில் அவரும் மறைந்தார். ஒருவர் வாயை நம்பி நின்ற வகுப்பு அவ்வாயோடு முடிந்தது. ஆதலின் மேசையைச் சுற்றி இருத்துவதோடு அமையாது, வாரந்தோறும் ஒரு மாணாக்கரைத் தலைவராக்கி, ஆசிரியன் கடைசிக் கால்மணி நேரமே பேசுவது என்று விதி செய்துகொள்ளல் நலம். அதைக் கடைப்பிடிப்பது கடினமே; கடிகாரத்தை மாணாக்கர் கையிற் கொடுத்துவிட்டால் முடியும்.

பரீட்சைக்கு மூன்று வினாக்கள் போதும். முதலாவது, தான் அன்றாடம் கையாளும் ஒரு பொருளுக்கு அந்நான்கு கேள்விகளையும் பொருத்தி எழுதுக என்பது. இரண்டாவது, இன்னிஸின் கொள்கை பொருந்தாத ஓரிடத்தைச் சான்றோடு காட்டுக என்பது. மூன்றாவது வாய்மொழிப் பரீட்சை; எழுதிய விடையில் ஏதேனும் ஒரு வரியை எடுத்து, அதனைப் பத்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்கு விளங்குமாறு ஐந்து நிமிடம் சொல்லவேண்டும். உண்மையாகவே ஒரு சிறுவனை முன்னே இருத்திக்கொள்வது சிறப்பு. தன் கண்ணாற் கண்டது ஒன்றேனும் இல்லாத விடைக்குப் பாதிப் புள்ளிக்கு மேல் வழங்கலாகாது. இவ்வினாத்தாளைப் பருவத்தின் முதல் நாளிலேயே மாணாக்கர் கையிற் கொடுத்துவிடலாம். மறைத்து வைத்தற்குரியது அதில் ஒன்றுமில்லை.